பத்தொன்பது வோல்ட்டும் ஒரு சொட்டு ஈயமும்

மகளுடைய மூன்று வருட ஆராய்ச்சிக்குப் பெயிண்ட் கடைக்காரர் வைத்த விலை எண்ணூறு. அதுவும் ரிப்பேர் கடையில் ஆயிரத்து இருநூறில் தொடங்கி, இரண்டு முறை எழுந்து போவதுபோல் நடித்த பிறகு படிந்தது. லேப்டாப்பில் தண்ணீர் கொட்டி மூன்று நாள். ஆய்வேடு அதற்குள், வேறு பிரதி கிடையாது. அன்று மாலை ஐந்துக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ரிப்பேர்க்கார அம்மா போர்டைக் கழற்றி, மீட்டர் முனையை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். சார்ஜர் நுழையும் இடத்தில் பத்தொன்பது வோல்ட். சார்ஜிங் சிப்பின் வாசல்வரை அதே பத்தொன்பது. ஆனால் 'சார்ஜர் வந்துவிட்டது' என்று சிப்புக்குச் சொல்லும் அதன் சின்ன உலோகக் காலில், இரண்டரை இருக்க வேண்டிய இடத்தில் அரை வோல்ட்கூட இல்லை. அந்தக் காலுக்கு மின்சாரத்தைக் குறைத்து அனுப்பும் கடுகளவு ரெசிஸ்டர் பச்சை பூத்துச் செத்திருந்தது. மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்றார்.

கடைக்காரர் லென்ஸில் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, இந்தக் கடுகுக்கா எண்ணூறு? டப்பாவோட வாங்கினாலே அம்பதைத் தாண்டாதே."

"அப்ப டப்பாவையே வாங்கிக்குங்க. அதுல ஆயிரம் கடுகு இருக்கும்; எது உங்க போர்டுக்கானதோ, அது கையைத் தூக்கும்."

மொத்த வியாபாரத்தில் அவருக்கு ஒரு பழக்கம். ஒரு கடையில் விவரத்தைக் கறந்து, அடுத்த கடையில் அதைக் காட்டி விலையைக் குறைப்பது. பெயிண்ட் டின் வாங்க உதவிய அந்தச் சாமர்த்தியத்தோடு போர்டையும் தூக்கிக்கொண்டு எதிர்த்தெருவுக்குக் கிளம்பினார். வேண்டாம்ப்பா என்று மகள் கெஞ்சியதற்கு, படித்தவளுக்கு விலை தெரியாது என்று பதில் வந்தது.

எதிர்த்தெரு செல்போன் கடைக்காரன் முந்நூறுக்குத் தலையாட்டினான். அந்த அளவில் ரெசிஸ்டர் அவனிடம் இல்லை. அதற்கென்ன, ரெசிஸ்டர் இருந்த இடத்தில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி வைத்து இரண்டு முனையையும் ஒட்டிவிட்டான். குறைக்க ஆளில்லாமல் பத்தொன்பதும் அந்தக் காலுக்கு நேராகப் பாய்ந்தது. சிப் புகைந்தது.

நாலு மணிக்குப் பெயிண்ட் கடைக்காரர் ரிப்பேர்க்கார அம்மாவிடமே திரும்பி வந்தார். சிப், ரெசிஸ்டர், வேலை எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறு என்றார் அந்த அம்மா. வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைக்காரர் பேரம் பேசவில்லை.

திரை விழித்தபோது மணி ஆறரை. ஆய்வேடு பத்திரமாக இருந்தது. பல்கலைக்கழகம்தான் கதவைச் சாத்தியிருந்தது. அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து, கட்டணத்தோடு.

"மிச்சம் பிடிச்ச கணக்கைக் கொஞ்சம் பாருங்கப்பா," என்று மகள் பில்லைத் திருப்பி, அதன் முதுகில் எழுதிக் கொடுத்தாள்:

எதிர்த்தெருவுக்கு 300.
இங்கே 2,800.
தாமதக் கட்டணம் 9,000.
மொத்தம் 12,100.
என் ஆறு மாதம்: பாக்கி.