வேறெங்கும் ஓடாத டிஸ்க்

காணிக்கும் வயலுக்கும் சொந்தபந்தங்கள் சண்டை பிடிக்கிற ஊரில், நஸீறாவின் வீட்டில் மட்டும் டிஸ்க்குக்குச் சண்டை நடந்தது.

இளைய மகள் நிப்லாவின் கலியாணம் நெருங்கியிருந்த நேரம் அது. 2008 பிறந்த புதிது. நஸீறாவின் தம்பி ஸஹீத் டுபாயிலிருந்து எச்டி டிவிடி மெஷினோடு வந்து இறங்கியிருந்தான். மூத்த மருமகன் அஸீம் கட்டாரில் புளூரே பார்த்துவிட்டு வந்தவன். கண்ணாடி மாதிரிப் படம் காட்டும் இந்த இரண்டு டிஸ்க் வகைகளில் எது நிலைக்கும் என்று உலகத்துக் கம்பனிகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. கல்முனையில் இவர்கள் இரண்டு பேரும் சம்பளமில்லாத வக்கீல்களாக ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

“மாமா, புளூரேயில இன்னும் கூடக் கொள்ளும். படக் கம்பனிகளும் அந்தப் பக்கந்தான் சாயிறாங்க,” என்பான் அஸீம்.

“விலையப் பாத்தியா மகன்? டிவிடி எண்டு பேரிலயே இரிக்கி. சனத்துக்கு இதுதான் விளங்கும்,” என்பான் ஸஹீத்.

சோறு ஆறிவிடும், வாய் ஆறாது. நஸீறாவுக்கோ இரண்டும் ஒன்றுதான். அவளுடைய கவலை வேறு. பெண்கள் பக்கத்து வீடியோ அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. எங்கோ ஒரு பிள்ளையின் கலியாண சீடி கைமாறிக் கைமாறி சலூன் வரைக்கும் போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டதிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. ஸஹீத் அக்காவின் நாடி அறிந்தவன்.

“ராத்தா, இது என்ட மெஷின்ல மட்டுந்தான் ஓடும். இந்த ஊருல வேற ஒருத்தரிட்டயும் இது இல்ல. களவெடுத்துக் கொண்டு போனாலும் பாக்க ஏலா.”

அதோடு வழக்கு முடிந்தது. நஸீறா தம்பியின் பக்கம் தீர்ப்புச் சொன்னாள்.

ஸஹீத்தின் மனைவி நஸ்லியா கேமரா பிடித்தாள். டிஸ்க்கில் ஏற்றும்போதும் அவள்தான் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தாள். ஸஹீத் கதிரையைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, “இப்ப அத அமத்து, இப்ப இத அமத்து” என்று முதுகாலேயே வேலை வாங்கினான். எடுத்தது ஒரேயொரு டிஸ்க். கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தார்கள். கேமரா நாடாவை நஸீறா தன் கையாலேயே உருவி, தென்னம்மட்டையோடு சேர்த்து அடுப்பில் வைத்தாள். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மணப்பெண்ணின் கையில் மருதோன்றி மங்கி முடிவதற்குள் எச்டி டிவிடி செய்த கம்பனி கையை விரித்துவிட்டது. ஸஹீத் தோற்றான், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகொரு மாரியில் இடி விழுந்து அவனுடைய மெஷினும் போனது. டிஸ்க் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் கிடந்தது. நிப்லாவுக்குக் கொடுத்த வீடு அதே வளவில்தான். கூப்பிட்டால் வந்து நிற்கிற பிள்ளையைப் படத்தில் யார் தேடுவார்கள்?

போன வருடம் டெங்கு வந்து ஒரு கிழமைக்குள் நிப்லா மௌத்தாகி மண்ணுக்குப் போனாள். முப்பத்தாறு வயது. பிள்ளையுமில்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் புருசன் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டான். வீடு பெண்ணுக்குக் கொடுத்தது; அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் வழமை.

கலியாணத்துக்குப் பிறகு மார்க்கப் பேணுதல் கூடி, படம் எடுப்பதையே விட்டவள் நிப்லா. போனில் இருந்ததையும் அழித்துவிட்டாள். நஸீறாவுக்கு முகம் மறக்கவில்லை, குரல்தான் நழுவத் தொடங்கியது. ஒரு நாள் விடிகாலையில் சுபஹ் தொழுதுவிட்டு இருக்கையில், “உம்மா” என்று நிப்லா கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தாள். மூத்தவளின் குரல் வந்தது. திரும்பவும் நினைத்தாள், திரும்பவும் மூத்தவளின் குரல்தான் வந்தது. மௌத்து வீட்டில் அழாத அழுகையை அன்றைக்கு அழுதாள்.

அழுது ஓய்ந்து, டிஸ்க்கைத் தேடி எடுத்து, தம்பியையும் மருமகனையும் கூப்பிட்டாள். ஒரு தரம் பார்த்து, அவள் குரலைக் கேட்டால் போதும் என்றாள்.

ஸஹீத் டுபாய்க் கூட்டாளி ஒருவனைப் பிடித்துப் பழைய மெஷின் ஒன்றை எடுப்பித்தான். அது டிஸ்க்கை விழுங்கியது, கொஞ்சம் முனகியது, வெளியே தள்ளியது. தட்டு மங்கிப்போயிருந்தது.

“நான் அப்பயே சொன்ன, மாமா. புளூரேயில எடுத்திருந்தா…”

“கடக்கரை உப்புக்காத்துக்குப் புளூரே என்ன, டிவிடி என்ன? எல்லாந்தான் பழுதாகும்.”

தலை நரைத்த பிறகும் நாக்கு நரைக்கவில்லை. அதே வழக்கு, அதே வாதம். நஸீறா குறுக்கே வந்தாள்.

“ரெண்டு பேரும் வெல்லுங்க. என்ட புள்ளைய எனக்குக் காட்டுங்க.”



அஸீம்தான் அலைந்து கொழும்பில் ஒருவரைக் கண்டுபிடித்தான். பழுதான டிஸ்க்கிலிருந்து துண்டு துண்டாகப் படத்தை எடுத்து ஒட்டித் தருவாராம்.

“ஆனா மாமி, சத்தத்த மட்டும் தனியா எடுக்க ஏலாதாம். அவர் படத்தப் பாத்துப் பாத்துத்தான் செய்யணும்.”

“பொம்புள ஒருத்தியும் இல்லயா, மகன்?”

“கேட்டுப் பாத்த, மாமி. இல்ல.”

நஸீறா யோசித்தாள். அந்த வீடியோவில் பத்துப் பதினைந்து பெண்கள் முக்காடில்லாமல், பூ வைத்து, சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். இப்போது அவர்கள் பிள்ளைகுட்டிக்காரிகள். மறுநாளே அபாயாவைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் படியேறினாள்.

“அப்ப நான் மெலிஞ்சி இரிந்த. எனக்கும் ஒரு கொப்பி தாங்க, மாமி,” என்றாள் ஹாஜறா. நிந்தவூரில் ஒரு மௌலவியின் மனைவி, உள்ளே போய்ப் புருசனிடம் கேட்டுவிட்டுக் கனநேரம் கழித்து வந்தாள். “மௌத்தான புள்ளைக்காகத்தானே. எடுங்க,” என்றாள். வீடியோவில் இருந்த ஹவ்வா உம்மா காலமாகியிருந்தார், அவருடைய மகளிடம் கேட்டாள். ஒருத்தரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆட்டோவில் திரும்பி வரும்போது நஸீறாவுக்கு நெஞ்சு இலேசாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அபாயாவைக் கழற்றியவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் முழுக்கக் கேட்டாயிற்று, மணப்பெண்ணிடம் கேட்கவில்லை.

கேட்டால் என்ன சொல்வாள் என்று தாய்க்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிப் பகல், சேலைன் மாற்ற ஆண் தாதி ஒருவர் வந்தார். கண் திறக்கவும் ஏலாமல் கிடந்த நிப்லா, ஊசி ஏறியிருந்த கையைத் தூக்கித் தன் தலையைத் தடவித் தேடினாள். நஸீறாதான் சீலையை இழுத்து அவளுடைய முடியை மூடிவிட்டாள். அதன் பிறகுதான் அந்தக் கை கீழே இறங்கியது.

காலையில் அஸீம் தோளில் பையோடு வந்து நின்றான்.

“டிஸ்க்கத் தாங்க மாமி. கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகுது.”

“வேணா, மகன்.”

“ஏன்? எல்லாரும் ஓம் எண்டுதானே சொன்னாங்க?”

“ஓம். எல்லாரும் சொன்னாங்க.” டிஸ்க்கை அவள் மடியிலேயே வைத்திருந்தாள். “அதுல என்ட புள்ள முக்காடு இல்லாம இரிக்காள்.”

அஸீம் பையை இறக்கி வைத்துவிட்டு, மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.