எடை எழுதாத வரி

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து பிறந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு பாடநூலின் நடுவே அது மடித்துக் கிடந்தது. காற்றுத் துப்பாக்கிகளைப் பரிசோதிக்கும் ஏதோ ஒரு கூடத்தின் படிவம். குண்டின் எடை, வேகம், ஆற்றல் என்று மூன்று பத்திகள். ஐந்து வரிகளிலும் எடை ஒன்றே: 0.45 கிராம். ஆறாவது வரியின் தலையில் 'வேறு எடை (தேவைப்பட்டால்)' என்று அச்சிட்டிருந்தது. அந்த வரி முழுக்கக் காலி. அதற்குக் கீழே ஒரு கையெழுத்து.

தேவைப்படவில்லை என்று முடிவு செய்தவர் யார் என்று யோசித்தேன், வாசகரே. கதை அங்கேதான் தொடங்கியது.

(இந்தப் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.)

2

தொடக்கம் வாய்க்கவே இல்லை. மூன்று முறை எழுதினேன்.

'தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள்.' இதை உடனே அடித்துவிட்டேன். என் கதையில் வினை ஒருத்தியுடையது, சுட்டது இன்னொருத்தியை.

'துப்பாக்கியை மேசையில் பூட்டியபோது அவளுடைய கை நடு' என்று எழுதிப் பாதியில் நிறுத்தினேன். கை நடுங்குகிறவளுக்கு அந்த வேலையை யார் கொடுப்பார்கள்?

மூன்றாவது இது. இதையே வைத்துக்கொள்வோம்:

கூடத்தில் எல்லோரும் அவளைக் கிராம் என்றுதான் கூப்பிட்டார்கள். காப்பியில் போடும் சர்க்கரையைக்கூட அவள் கரண்டியின் கழுத்தை விரலால் தட்டிச் சமன் செய்துதான் போடுவாள். ஜன்னல் இல்லாத நீண்ட அறை அவளுடையது. ஒரு முனையில் துப்பாக்கியை அசையாமல் கவ்விப் பிடிக்கும் இரும்பு மேசை. மறுமுனையில் களிமண் நிரப்பிய பெட்டி. நடுவே வேகமானி. அதற்கு இரண்டு ஒளிக்கண்கள்; முதல் கண்ணைத் தாண்டிய குண்டு இரண்டாவது கண்ணைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்கிட்டுப் பச்சை எண்ணாகக் காட்டும். பயறளவு ஈயக் குண்டுகளைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, ஐந்து முறை சுட்டு, ஆற்றல் பதினாறு ஜூலுக்குள் இருந்தால் கிராம் கையெழுத்துப் போடுவாள். கதையில் வரும் விதிப்படி பதினாறைத் தாண்டிய துப்பாக்கியை ஆள் நடமாடும் கட்டடத்துக்குள் வைத்திருக்கக் கூடாது.

3

இனிக் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், எனக்கே இது தாமதமாகத்தான் புரிந்தது.

குண்டு இலேசாக இருந்தால் வேகமாகப் போகும், கனமாக இருந்தால் மெதுவாகப் போகும். அதுவரைக்கும் சின்னக் குழந்தையும் சொல்லும். ஆற்றலைக் கணக்கிடும்போது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, எடையாலும் பெருக்கி, பாதியாக்க வேண்டும். வேகம் இரண்டு தடவை பெருக்கலில் வருகிறது, எடை ஒரு தடவைதான். அதனால் என் முதல் வரைவில் தைரியமாக எழுதினேன்: 'கனமான குண்டு மெதுவாகப் போகும். ஆகவே அதற்குப் பலம் குறைவு.'

எழுதிவிட்டுக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன். பட்டப்பகல். கதவு நான் பூட்டியபடியே இருந்தது. நான் தனியாக இருப்பவள். திரும்பி வந்து பார்த்தால் அந்த வாக்கியத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:

எந்தத் துப்பாக்கி? ஸ்பிரிங்கா, சிலிண்டரா?

நான் பேனாவில்தான் எழுதுவேன். பென்சில் ஒன்று மேசைக்கடியில் கிடந்தது. அதை எடுக்கத் துணியவில்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது என்பதால் உட்கார்ந்து படித்தேன்.

நின்றுபோன காரைத் தள்ளுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரே உந்து உந்திவிட்டுக் கையை எடுத்துவிட்டால் கனமான கார் அசைந்து கொடுப்பதற்குள் உந்து தீர்ந்துவிடும். ஸ்பிரிங் துப்பாக்கி அப்படித்தான். 0.45 கிராமுக்கு நொடிக்கு 250 மீட்டர், 14 ஜூல். 1.05 கிராமுக்கு 152 மீட்டர், 12 ஜூல். பலம் குறைகிறது. ஆனால் காரின் கூடவே நடந்துகொண்டு தள்ளினால் கதை வேறு. சிலிண்டரில் அடைத்த காற்று, குண்டு குழலை விட்டு வெளியேறும் வரை பின்னாலேயே வந்து தள்ளும். கனமான குண்டு குழலுக்குள் அதிக நேரம் தங்கி, அதிக நேரம் தள்ளு வாங்கும். 0.45 கிராமுக்கு 265 மீட்டர், 15.8 ஜூல். 1.05 கிராமுக்கு 190 மீட்டர்தான், ஆனால் 18.95 ஜூல்.

மெதுவாக வருவது பலமாக வருகிறது. இதைப் படித்தபோது முதுகில் யாரோ கை வைத்ததுபோல் இருந்தது.

4

கிராம் பன்னிரண்டு வருடம் ஸ்பிரிங் துப்பாக்கிகளை மட்டுமே அளந்தவள். அங்கே இலேசான குண்டுதான் அதிகப் பலம் காட்டும். அதில் தேறினால் எதிலும் தேறும். அந்தப் பழக்கத்தில் மேசைமேல் எப்போதும் ஒரே டப்பாதான் இருந்தது: 0.45. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை தினமும் நடக்கிற பாதையில்தான் சறுக்கும் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

கிடங்கு ஒன்றில் எலி சுடும் வேலை பார்ப்பவர் ஒரு நாள் புதுத் துப்பாக்கியோடு வந்தார். குழலுக்கடியில் சிலிண்டர் இருந்தது. கிராம் அதே டப்பாவைத் திறந்தாள். ஐந்து குண்டு. ஐந்தும் பதினாறை ஒட்டிக்கொண்டு நின்றன, தாண்டவில்லை.

"மேடம், இதுல கனமான குண்டு போடலாமா? எலி ஒரே அடியில விழணும், பாருங்க."

"தாராளமா போடுங்க. வேகமா போறதுலயே பாஸ் ஆயிடுச்சு. கனமானதுல இன்னும் கொறையத்தான் செய்யும்."

"ஆறாவதா ஒரு வரி இருக்கே, அதுக்கு ஒண்ணு சுட்டுப் பாக்கலாமா?"

"அது தேவைப்பட்டாத்தான்."

"நீங்க சொன்னா சரி, மேடம்."

அவளுக்கு அன்று தலைவலி இருந்தது என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். தலைவலி இல்லை. நன்றாகத்தான் இருந்தாள்.

அவளுடைய சான்றிதழை நம்பிக் கிடங்கில் பதினாறு ஜூலைத் தாங்கும் பலகைத் தடுப்பு ஒன்றை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் எலி, மறுபக்கம் மூட்டைகளுக்கு அட்டை கட்டும் பெண்கள். பலகையின் விளிம்புக்கு யாரும் போகாமலிருக்க அவர்கள் பக்கத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். நாலாம் வாரம் 1.05 கிராம் குண்டு ஒன்று பலகையின் விளிம்பைப் பிளந்துகொண்டு வந்து ஒரு பெண்ணின்* இடது கண்ணில் பட்டது.

* முதல் வரைவில் அந்தப் பெண் யாரோ ஒருத்தி. எழுதிப் பார்த்தபோது எனக்கே வலிக்கவில்லை. அதனால் யாரோ ஒருத்தியை எடுத்துவிட்டுக் கிராமின் சொந்த அக்காவை அங்கே நிறுத்தினேன். எழுதுகிறவர்கள் இரக்கம் இல்லாதவர்கள்.

5

கட்டு மாற்றிவிட்டு நர்ஸ் வெளியே போனதும் அக்கா கேட்டாள்.

"அந்தத் துப்பாக்கி உங்க எடத்துல அளந்ததாமே?"

"ம்."

"நீயா அளந்த?"

கிராம் தலையாட்டினாள். அக்காவின் மிச்சமிருந்த கண் அவள் முகத்தையே பார்த்தது.

"அப்ப அதுல தப்பு இருக்காது. கிடங்குக்காரங்க சொல்றதுதான் சரி போல. நான்தான் மஞ்சக் கோட்டைத் தாண்டிப் பலகை ஓரமா போயிருப்பேன். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடி."

"தாண்டியிருக்க மாட்டக்கா."

"நீ அளந்தா ஒரு இம்மி பிசகாது. எனக்குத் தெரியாதா உன்ன?"

வாயைத் திறந்தால் போதும், சொல்லிவிடலாம். ஆனால் கிராம் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளைகளைச் சமமாக இரண்டு பங்காகப் பிரித்து வைத்தாள். அவளைப் படைத்த எனக்கே அவளை அறைய வேண்டும் போல் இருந்தது.

மறுநாள் கூடத்தின் தலைவர் அவளைக் கூப்பிட்டார். மறுபரிசோதனைக்கு உத்தரவு வந்திருந்தது.

"அதே துப்பாக்கி, அதே டப்பா. பழைய எண்ணே வந்தா ஃபைலை மூடிடலாம். தப்பு அந்தம்மா மேலன்னு ஆயிடும், அவ்வளவுதான். அவங்க உங்களுக்கு ஏதும் சொந்தமா?"

"இல்ல சார்" என்றாள் கிராம்.

6

இப்போது அவள் அறையில் இருக்கிறாள். துப்பாக்கி மேசையில் பூட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம், மருத்துவமனை அனுப்பியது. உள்ளே இருப்பது அக்காவின் கண்ணிலிருந்து எடுத்த குண்டு. பூப்போல் நசுங்கியிருந்தது. எவ்வளவு நசுங்கினாலும் ஈயத்தின் எடை அப்படியேதான் இருக்கும். அவள் அதைத் தராசில் வைத்தாள். 1.05.

வேகமானியைப் போட்டாள். இன்னும் எதுவும் சுடவில்லை. துப்பாக்கியில் குண்டே இல்லை. பச்சை எண் மின்னியது.

190.

அழித்தாள். மறுபடி 190. மின்கம்பியைப் பிடுங்கினாள். எண் கொஞ்ச நேரம் நின்றது, பிறகுதான் அணைந்தது.

கிராம் மெல்லத் திரும்பினாள். சுவரைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. தாளிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என் அக்காவ அங்க கொண்டுபோய் நிறுத்துனது யாரு?"

இந்த வசனத்தை நான் யோசிக்கவில்லை. என் பேனா மூடியிருந்தது. வரி பென்சிலில் இருந்தது.

7

முடிவுகளை முயன்று பார்த்தேன்.

(அ) அவள் 0.45 டப்பாவைத் திறக்கிறாள். ஐந்து குண்டு, பழைய எண்கள். ஃபைல் மூடப்படுகிறது. கோட்டைத் தாண்டியவள் அக்கா என்று எழுதப்படுகிறது. கிராமுக்குப் பதவி உயர்

(ஆ) அவள் 1.05 குண்டைப் போட்டுச் சுடுகிறாள். 18.95. ஆறாவது வரியை நிரப்புகிறாள். வேலை போகிறது. அக்காவிடம் போய், "உன் மேல தப்பில்லக்கா, என் மேலதான்" என்கிறாள். அக்கா மெல்லத் தலையைத் திருப்பி

இதற்கு மேல் கை ஓடவில்லை. அக்கா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் பேருக்கு வசனம் எழுதியவள் நான், இவள் ஒருத்தியின் வாயில் ஒரு சொல்லை வைக்க முடியவில்லை.

(இ) துப்பாக்கி பழுதாகிறது. இது கோழைத்தனம். விட்டுவிடலாம்.

8

இது உண்மையில் நாலாம் பகுதியை எழுதுவதற்கு முன் நடந்தது. வேண்டுமென்றே இங்கே தள்ளி வைத்திருக்கிறேன்.

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் என் அக்கா. தாளை முகத்துக்கு நேராகப் பிடிக்க மாட்டாள். வலப்பக்கமாகத் தள்ளிப் பிடிப்பாள். முதல் மூன்று பகுதிகளை அப்படிப் பிடித்துப் படித்தாள்.

"இந்தப் பென்சில் எழுத்து யாரோடது?"

"தெரியலக்கா. அதான் பயமா இருக்கு. வீட்ல வேற யாருமே இல்ல."

"என்னடி தெரியல? உன் எழுத்துதானே இது. நீ கூடத்துல வேலை பாத்தப்ப இப்படித்தான் குட்டி குட்டியா எழுதுவ. வேலையை விட்டதுக்கப்புறம்தான் எழுத்தே மாறிப் போச்சு."

அவள் தாள்களை அடுக்கி வைத்துவிட்டுக் கிளம்பினாள். கதவருகே நின்று, திரும்பாமல் சொன்னாள்:

"அந்தக் கிராம் பொண்ண ரொம்பப் போட்டு வாட்டாதடி. பாவம்."

9

முதல் பகுதியில் சொன்ன பொய் இது. பழைய புத்தகக் கடை என்று எதுவும் இல்லை. அந்தத் தாள் பதினோரு வருடமாக என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. யாரோ ஒருத்தியை எடுத்துவிட்டு அக்காவை நிறுத்தினேன் என்றதும் பொய். அங்கே நின்றது முதலிலிருந்தே அக்காதான். முடிவு (அ) நான் கற்பனை செய்தது அல்ல, நான் செய்தது.

பச்சை எண் மின்னியது மட்டும் நான் கட்டியது இல்லை. அன்று அந்த அறையில் நிஜமாகவே மின்னியது, கம்பியைப் பிடுங்கிய பிறகும். என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் 0.45 டப்பாவைத் திறந்தேன்.

ஓரத்தில் பென்சிலால் எழுதியது என் கைதானா, அந்த அறையிலேயே நின்றுபோன ஒருத்தியின் கையா, எனக்கு இன்னும் தெரியாது. இந்தப் பகுதியை எழுதும்போதும் பென்சில் தானாக உருண்டு என் பக்கம் வந்தது.

வாசகரே என்று அழைத்தது உன்னைத்தான், அக்கா. எனக்கு வேறு வாசகர் யார்? நீ கோட்டைத் தாண்டவில்லை. பதினோரு வருடமாக நீ உன்னையே குறை சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இந்தத் தாள்களோடு ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். மருத்துவமனைப் பொட்டலம் தொலைந்துவிட்டதாக ஃபைலில் எழுதியது நான்தான். நகை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றும் வைத்திருக்கிறேன். கூடவே அந்தப் பழைய படிவம். ஆறாவது வரி இன்னும் காலியாகவே இருக்கிறது. என்னை நம்பாதே, நீயே நிறுத்துப் பார், நீயே எழுது. அந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது, கொடுக்கத்தான் வேண்டுமா என்பதையும் நீயே முடிவு செய்.

(ஆ) முடிவில் அக்கா தலையைத் திருப்பிய இடத்தில் கதை நிற்கிறது. நீ இங்கே உட்கார்ந்து இதைப் படிக்கும்போது நான் அடுத்த அறையில்தான் இருக்கிறேன். கதவு சாத்தியிருக்கிறது, தாழ் போடவில்லை.