நீக்கப்பட்ட சொற்கள் குடியேறிய வீடு

சட்டசபையில் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்களெல்லாம் சபாநாயகரின் அரசு வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தன. அவர் பதவியேற்ற வாரமே, 'திருடன்' என்ற சொல் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் குரலோடு செருப்பு அலமாரிக்குள் குடிவந்தது. அடுத்த வருடத்துக்குள் பீரோ, பரண், சோபாவின் அடிப்பக்கம் என்று வசவுகளுக்கு இடம் போதவில்லை. மனைவி அலட்டிக்கொள்ளவில்லை. "நீங்க நீக்கிட்டா அது வேற எங்கதான் போகும்?" என்று கேட்டுவிட்டு, விருந்தாளிகள் வந்தால் மட்டும் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள்.

மூன்றாம் வருடம் ஆற்றுப்பாலம் இடிந்து ஒரு பஸ் விழுந்தது. ஒன்பது பேர் செத்தார்கள். மழைதான் காரணம் என்று மந்திரி அறிக்கை வாசித்தார். கண்டக்டராக இருந்து உறுப்பினரான ஓர் அம்மாள் எழுந்தார். "விரிசல் விட்டிருக்குன்னு மூணு மாசம் முன்னாடியே எழுதிக் கொடுத்தோம். மழை மேல பழியப் போடுறீங்களே, வெட்கமா இல்ல?" அந்தக் கடிதத்தின் நகல் சபாநாயகருக்கும் வந்திருந்தது. படித்து, இழுப்பறைக்குள் தள்ளியவர் அவர்தான். இருந்தும் "நீக்கப்படுகிறது" என்றார். கட்சி மெச்சியது. வீடு திரும்பிச் சமையலறைக் குழாயைத் திறந்தபோது தண்ணீரோடு அந்தக் கேள்வியும் கொட்டியது. "அப்பா, அந்த லெட்டர் உங்களுக்கு வந்துச்சா?" என்றாள் பக்கத்தில் நின்ற மகள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள்.

பிறகு இரண்டு தேர்தல்களில் ஜெயித்தார், அதே நாற்காலி, அதே வீடு. ஊர் முழுக்க மாலை போட்டது. அவரோ சொந்தச் சமையலறையில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கக் கூனிக்குறுகி நின்றார். ஓய்வு பெறும் நாளில் நாற்காலியைத் துணைச் சபாநாயகரிடம் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி நின்று பேசினார். "அந்தக் கடிதம் எனக்கு வந்துச்சு. படிச்சேன். மறைச்சேன். வெட்கமாத்தான் இருக்கு." துணைச் சபாநாயகர் கொஞ்சமும் தயங்காமல் அதை நீக்கினார்.

அன்று மாலைவரை பதவி அவருடையது என்பதால் அந்தச் சொற்கள் அவருக்கு முன்பே வீடு வந்திருந்தன. வீட்டைக் காலி செய்ய அம்மாவுக்கு ஒத்தாசையாக வந்திருந்த மகள் குழாயடியில் நின்றாள். கண்டக்டர் அம்மாளின் கேள்வி வந்தது, பின்னாலேயே அப்பாவின் பதிலும் வந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயை மூடி, மறுபடி திறந்து, கடைசிவரை கேட்டாள். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

சாவியை வாங்க வந்த புதிய சபாநாயகரின் மனைவியிடம், "சமையல்கட்டுக் குழாயில ரெண்டு குரல் வரும். பயப்படாதீங்க, தண்ணி நல்ல தண்ணிதான்" என்றாள் இவர் மனைவி.