அண்ணன் தட்டுகிற மாதிரி

அம்மாவின் லேப்டாப்பில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. ‘சாப்’ வந்து நின்றது. ‘சாப்பட்டியா’ என்று ஓடி, பின்னால் போய் அழிந்து, ‘சாப்பிட்டியாம்மா’ என்று திருந்தியது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிரித்தாள்.

பையும் செருப்புமாக வாசலில் நின்ற மகளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் வெளியூரில் வேலை செய்த இடத்தில் குழிக்குள் விழுந்து, காலையிலேயே செத்துப்போயிருந்தான். விடிந்தால்தான் உடம்பு வரும். சேதி கேட்டு அவள் பஸ் பிடித்து ஓடிவந்திருந்தாள்.

அம்மாவுக்குக் காது போனதிலிருந்து அண்ணன் சாயங்காலங்களில் இப்படித்தான் பேசுவான். அவன் அங்கே தட்டத் தட்ட, இங்கே எழுத்தெழுத்தாகத் தெரியும்.

அம்மா நிமிர்வதற்குள் அவள் உள்ளறைக்குள் போய்விட்டாள். கட்டிலில் தம்பி மடியில் கம்ப்யூட்டரோடு இருந்தான். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஏதோ கட்டளைகள். ஜன்னலோரம் மாமா, அம்மாவின் தம்பி.

“என்னடா இது?”

“ஒரு புரோகிராம்க்கா. வரியைக் கொடுத்தா மனுஷன் தட்டுற மாதிரியே தட்டும். நடுவுல நிறுத்தும், தப்பு விடும், அழிக்கும். நான் தட்டினா கடகடன்னு போயிடும், அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. அதான் அண்ணன் மாதிரி...”

“அண்ணன் மாதிரியா!”

“கத்தாதம்மா,” என்றார் மாமா.

“அம்மாவுக்குத்தான் கேட்காதே மாமா! அந்தத் தைரியத்துலதானே இந்தக் கூத்தே.”

“அக்காவுக்கு நெஞ்சு தாங்காது. இன்னிக்கு ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்.”

“நாளைக்கு, செத்தவன் எப்படிச் சாயங்காலம் பேசினான்னு கேட்டா? அதுக்கும் இதுவே பதில் தட்டுமா?”

தம்பியின் கண்கள் வீங்கியிருந்தன. “எனக்கு மட்டும் ஆசையாக்கா?”

திரையில் அம்மாவின் வரி வந்தது: ‘முதுகு வலி எப்படி இருக்கு? அந்தத் தைலம் தேய்ச்சியா?’

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணனுக்கு முதுகு வலி என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

“பரவாயில்லைன்னு போடு,” என்றார் மாமா.

தம்பி வரியைக் கொடுத்தான். ‘ப’ வந்தது. தப்பான எழுத்தொன்று வந்து அழிந்தது. ‘பரவா’ வரை போய் யோசிப்பதுபோல் நின்றது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மூடியைப் பிடித்து அறைந்து சாத்தினாள்.

கூடத்தில் ‘பரவா’ என்பதோடு நின்றிருந்தது. அம்மா காத்திருந்தாள். மகள் எதிரே உட்கார்ந்து, வாயசைவு தெரியும்படி, “அண்ணன் இல்லம்மா,” என்றாள்.

“எங்க போயிட்டான்? இப்பத்தானே தட்டிக்கிட்டிருந்தான்?” அம்மாவின் குரல் வழக்கம்போலத் தேவைக்கு மேல் உரக்க இருந்தது.

வேறு வழியில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, அந்த ‘பரவா’வுக்குக் கீழே தட்டினாள். ‘அண்ணன் காலையில வேலை செய்யுற இடத்துல விழுந்து இறந்துட்டான். இவ்வளவு நேரம் பேசினது அவன் இல்லம்மா.’ திருப்பிக் காட்டினாள்.

அம்மா படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். எழுந்து உள்ளறைக்குப் போனாள். கட்டிலிலிருந்து எழ முயன்ற மகனின் கன்னத்தில் விட்டாள் ஒரு அறை. பிறகு ஜன்னலோரம் நின்ற தன் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

“காலையிலயா? மத்தியானம் நான் உட்கார்ந்து தின்னேனேடா. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோக்கான்னு நீதானேடா பரிமாறின?”

மாமா ஓரடி பின்வாங்கினார். அம்மா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். பின்னாலேயே வந்து நின்ற மகள் தடுக்கவில்லை.

பிடி தானாகத் தளர்ந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன சட்டை போட்டிருந்தான்?” என்றாள்.

யாருக்கும் தெரியவில்லை. மாமா போனை எடுத்து, அங்கே அண்ணனோடு வேலை செய்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார். “தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ப்பா...” என்று தொடங்கினார்.

அம்மா அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.