இன்ஜின் ஆறும் வரை

காரின் பானெட் மேல் கை வைத்ததும் அக்காவுக்குச் சுருக்கென்றது. வெதுவெதுப்பாக இருந்தது. கையை நகர்த்தி இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அதே சூடு. வெயில் இன்னும் அந்தக் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அப்படியென்றால் இது உள்ளேயிருந்து வருகிற சூடு.

"காலையில எங்கயாவது போயிட்டு வந்தீங்களா, டாக்டர்?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"இந்த வண்டியிலயா? நல்லாக் கேட்டீங்க. ரோட்டுல இறக்கி வருஷக்கணக்காச்சு. எப்பவாவது வெளிய நின்னபடியே சாவியத் திருப்பி ஸ்டார்ட் பண்ணி அணைச்சு வைப்பேன். போன வாரம்கூடப் பண்ணேன். இந்த முழங்கால வச்சுக்கிட்டுக் கிளட்ச் மிதிக்கவா முடியும்?"

பானெட் சுடுகிறதே என்றாள். மேலே தகரம், அந்தச் சூடாக இருக்கும் என்றார். அவர் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வலிக்காது, வலிக்காது என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேருக்குப் பல்லைப் பிடுங்கியவர். அந்த வாயிலிருந்து வருவதை எப்படி நம்புவது?

கார் சீட் தைப்பது அவள் தொழில். தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். ஆனால் கூடப் பிறந்த தம்பி என்று இருந்தது, இப்போது கூட வந்திருந்த இவன் ஒருவன்தான். அப்பா விட்டுப் போன ஷெட் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. ஒரு பாதியில் அவளுடைய தையல் மிஷின், மறுபாதியில் தம்பியின் தட்டுமுட்டுச் சாமான்கள். பக்கத்து டயர்கடைக்காரர் ஷெட்டை மொத்தமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு விற்று, இந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விட்டால் இருவரும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது தம்பியின் கணக்கு. உட்கார்ந்து சாப்பிடும் ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை. முதுகு அந்தப் பாடு படுத்துகிறது. ஆனால் மிஷினைத் தூக்கிக்கொண்டு யார் வாசலில் போய் நிற்பது?

"நீயே வந்து பாருக்கா. நொட்டைன்னு சொன்னா விட்டுடறேன். நல்ல வண்டின்னு சொல்லிட்டா மறுபேச்சில்லாம கையெழுத்துப் போடணும்" என்றிருந்தான். சரி என்று வாய் கொடுத்துவிட்டாள். வண்டிக்கும் அவள் வயசுதான். அவளிடமே ஆயிரம் நொட்டை இருக்கும்போது அதில் ஒன்றாவது இருக்காதா என்கிற தைரியம்.

தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "பானெட் சுடுதுடா."

"நல்லதாப் போச்சு. குளிர் காஞ்சுக்க."

"வெளையாடாத. சூடா இருக்கிற இன்ஜின் யாரு தொட்டாலும் ஸ்டார்ட் ஆயிடும். ராத்திரி பூரா ஆறிக் கிடந்து எந்திரிக்கும்போதுதான் அதோட வண்டவாளம் தெரியும். நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்காரு இந்த ஆளு. எதையோ மறைக்கிறாரு."

"உனக்குக் கண்ணாடியில தெரியுற ஆள் மேலயே சந்தேகம்."

"இருக்கட்டும். ஆறட்டும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணுவோம்."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "தாராளமா இருங்க. காத்துக்கிட்டு உக்காந்திருக்கிறவங்களாலதான் நான் பொழச்சேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் இவ்வளவு பொறுமையாக இருப்பானா?

இன்ஜின் ஆற ஆற அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவு, பின்பக்கம், சக்கரத்தின் மேல்வளைவு என்று ஒவ்வோர் இடமாக வைத்தாள். தகரத்துக்குப் பதிலாகப் பட்டி பூசி மூடியிருந்தால் காந்தம் நழுவி விழும். எங்கேயும் விழவில்லை. பழைய அட்டையைப் போட்டு அடியில் படுத்துப் பார்த்தாள். துருவும் இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. எழுந்தபோது முதுகு பிடித்துக்கொண்டு, டயரைப் பற்றியபடி சற்று நின்றாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. டயரின் வரிகளுக்குள் பொடிக்கல்லும் ஈரம் காயாத மண்ணும்.

ரோட்டில் இறக்கி வருஷக்கணக்காச்சாம்!

தம்பியைத் தேடினாள். அவன் டாக்டரோடு உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒருவேளை இவனுக்கும் இதில் ஏதாவது தரகு இருக்குமோ என்றுகூட நினைப்பு ஓடியது. சீ என்று அதைத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தாள். மற்றதெல்லாம் அடுத்தவர் தொழில். சீட் அவளுடையது.

உட்கார்ந்தவுடன் கால் கிளட்சில் பட்டது. எக்காமல், எம்பாமல், அவளுக்கே அளவெடுத்துப் போட்ட மாதிரி.

அவள் குள்ளம். பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் தொங்கும். டாக்டரோ கொட்டகைக்குள் குனிந்து நுழைகிற ஆள். அவர் இந்த சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். கையைக் கீழே விட்டுத் தடவினாள். சீட் அதற்கு மேல் நகர முடியாத அளவுக்கு முன்னால் தள்ளப்பட்டிருந்தது. குஷனின் பள்ளமும் கனமான ஆள் உட்கார்ந்த பள்ளமில்லை.

தலையைத் தூக்கினாள். வீட்டின் சமையலறை ஜன்னலில் ஒரு மூக்குக்கண்ணாடி தெரிந்தது. அதற்குக் கீழே முகம் தெரியவில்லை. ஜன்னல் விளிம்பு மறைத்தது. அவ்வளவு உயரம்தான் டாக்டரின் மனைவி.

சரிதான், புருஷனும் பெண்டாட்டியும் கூட்டு என்று முடிவு கட்டினாள். கை கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் போனாள். அந்தம்மா தேநீர் ஊற்றி நீட்டினார். டம்ளரை விடாமலே தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஏம்மா, வண்டி நல்லா இல்லன்னு சொல்லிடுங்களேன்."

"என்னது?"

"நான்தான் ஓட்டறேன். தினமும் விடியறதுக்கு முன்னாடி பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவேன். அவரு காது மெஷினக் கழட்டி வச்சுட்டுத் தூங்கறவரு. இடி விழுந்தாலும் தெரியாது."

"அவருகிட்டச் சொல்லிட்டே ஓட்டலாமே?"

"கல்யாணமான புதுசுல ஒருவாட்டி வண்டிய வாசல் கேட்டுல இடிச்சுட்டேன். அன்னைக்கே சாவிய வாங்கி ஒளிச்சு வச்சுட்டாரு. ஒளிச்சு வைக்கிற எடம் எனக்குத் தெரியும்ங்கறது மட்டும் இன்னும் அவருக்குத் தெரியாது."

அக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். யார் கண்டது, இதுவும் ஒரு நாடகமாக இருக்கலாம். கூடுதலாகக் கொடுக்கிற வேறு ஆள் கிடைத்திருப்பான். இவர்களைக் கழற்றிவிட வழி தேடுகிறார்களோ என்னவோ.

"நான் எப்படிம்மா நம்பறது?"

"ஆறினப்புறம் ஓட்டிப் பாருங்க. ரெண்டாவது கியர் அடம் பிடிக்கும், கறகறன்னு கத்தும். தெரு முனை தாண்டினா சொன்னபடி கேக்கும். இது அவருக்குத் தெரியாது. அத வச்சே கியர்பாக்ஸ் போச்சுன்னு சொல்லிடலாம்ல? உங்க பேச்ச உங்க தம்பி தட்டமாட்டாருன்னு பாத்தாலே தெரியுது."

தேடி வந்த நொட்டையை யாரோ கழுவித் துடைத்துக் கையில் வைத்த மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஷெட் தங்கும். இந்தம்மாவுக்கு வண்டி தங்கும்.

மதியத்துக்கு மேல் பானெட் சூடு ஆறிவிட்டது. தம்பி சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் புகை வந்து, உடனே தெளிந்தது. அக்கா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கேட்டைத் தாண்டியதும் தம்பி இரண்டாவது கியரைப் போட்டான். கறகறவென்று கத்தியது.

தம்பி திடுக்கிட்டு வண்டியை ஓரங்கட்டினான். "என்னக்கா இது? கியர்பாக்ஸா?"

அவன் அவள் வாயையே பார்த்தான். போச்சு என்று சொன்னால் அப்படியே நம்பி வீட்டுக்கு வந்துவிடுவான். அந்தப் பார்வைதான் அவளை உலுக்கியது. காலையில் அவள் வந்தது வண்டியைப் பார்க்க இல்லை. கூடப் பிறந்தவன் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தெம்பில்லாமல், அதை இந்த வண்டியின் வாயால் சொல்ல வைக்கப் பார்த்திருக்கிறாள்.

"கியருக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "படுத்து எந்திரிச்சா எனக்கும் முதுகு இப்படித்தான் கத்துது. மெதுவா ஓட்டு. முனை தாண்டட்டும்."

முனை தாண்டியதும் கியர் வெண்ணெயில் கத்தி மாதிரி விழுந்தது.

திரும்பி வந்து இறங்கியதும், டாக்டர் எதிரிலேயே சொன்னாள். "நல்ல வண்டி. நீங்க கேக்கற விலைக்குத் தகும்." தம்பியின் முகமெல்லாம் பல். "ஆனா நான் கையெழுத்துப் போடமாட்டேன்டா. எனக்கு ஷெட் வேணும். வாக்குக் குடுத்தேன், இல்லங்கல. இப்ப மீறுறேன்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேற ரெண்டு பேர் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றார். சமையலறை ஜன்னலில் யாரும் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் போய் நின்றதும் தம்பி பொரிந்தான்.

"சமையக்கட்டுல அந்தம்மாவோட என்ன குசுகுசுப்பு?"

"அது அவங்க வீட்டுக் கதை."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா? என்ன பேசி முடிச்சீங்க ரெண்டு பேரும்? நல்ல வண்டிங்கற, வேணாங்கற. உலகத்துல எவனாவது இப்படிச் சொல்லுவானா?"

"நொட்டைன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்ப."

"ஆமா, நம்பியிருப்பேன்!"

"அதான் சொல்லல."

தம்பி ரோட்டுப் பக்கம் திரும்பி, "ஷெட்டைப் பிரிச்சுடுவோம். என் பாதிய நான் என்ன வேணா பண்ணிக்கறேன்" என்றான்.

"பிரிச்சுக்க. நடுவுல சுவர் எழுப்பிக்கலாம். எனக்கு ஜன்னல் பக்கம் குடு. ஊசி கோக்க வெளிச்சம் வேணும்."

"ஜன்னல் பக்கமா? டயர்கடைக்காரர் கேக்கறதே அந்தப் பக்கத்ததான்."

"அப்ப உக்காந்து பேசுவோம்."

"உன்கூட உக்காந்தா விடிஞ்சுரும்" என்றான் தம்பி. பஸ் வந்தது. அவன் முன்வாசலில் ஏறினான். அவள் பின்வாசலில் ஏறி, காலியாக இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்து, இறங்கியதும் தம்பியிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.