எத்தனையாவது பெயர்

என் பெயர் எத்தனையாவதாக வரும் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் அன்றைக்கு அனந்தராமன் வீட்டுக்குப் போனேன். மற்றவர்கள் அவர் மனைவி விசாலாக்ஷியின் புளியோதரைக்காகப் போனார்கள்.

சான் ரமோனில் எங்கள் தமிழ்க் கூட்டம் வருஷா வருஷம் ஜூனில் ஒரு ஹாக்கி டோர்னமென்ட் நடத்தும். ஐஸ் மேல் சறுக்கும் ஹாக்கி இல்லை, நம்ம ஊர் ஹாக்கி. நாலு டீம், நாலு கேப்டன். முன்பெல்லாம் யார் யாருக்கு சிநேகிதமோ அவர்கள் ஒரு டீம். அதில் மனஸ்தாபமாகி ரெண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டன. அதன்பிறகு டிவியில் ஐஸ் ஹாக்கிக்காரர்கள் செய்வதைப் பார்த்து இவர்களும் டிராஃப்ட் வைத்தார்கள். கேப்டன்கள் சீட்டுக் குலுக்கி வரிசை பிடிப்பார்கள். முதல் சீட்டுக்காரர் முதலில் ஒரு ஆளை எடுப்பார், பிறகு அடுத்தவர், இப்படிச் சுற்றிச் சுற்றி ஆட்கள் தீரும்வரை. வேண்டுமானால் கேப்டன்கள் தங்கள் முறையைப் பண்டமாற்று செய்துகொள்ளலாம், எடுத்த ஆளையும் கூட மாற்றிக்கொள்ளலாம்.

தொண்ணூற்றொன்பதில்தான் பெண்களும் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தது நான் ஒருத்திதான். நான் கோவில்பட்டிக்காரி. காலேஜ் டீமுக்கு கோல்கீப்பராக இருந்தவள். ஃபிரெடியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபின் டிபென்டென்ட் விசா, வேலைக்குப் போகக் கூடாது. நாலு வருஷமாக என்னை யாரும் எதற்கும் தேர்ந்தெடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 'ஃபிரெடி வைஃப்' என்பதோடு சரி. அந்தக் கூட்டத்தில் நான் பத்தாவதா, இருபதாவதா, கடைசியா? இதை ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனசு கிடந்து அரித்தது. கடைசி என்றாலும் பரவாயில்லை. அது என்னுடைய நம்பராக இருக்கும்.

ஃபிரெடியும் அந்த வருஷம் ஒரு கேப்டன். குலுக்கியதில் அவருக்கு நாலாவது சீட்டு, அனந்தராமனுக்கு முதல் சீட்டு. டிராஃப்ட் ஆரம்பிக்கப் போகும் நேரத்தில் ஃபிரெடி எழுந்து அனந்தராமனை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் என்னவோ குசுகுசுத்தார். திரும்பி வந்து அறிவித்தார்.

"நானும் அனந்துவும் சீட்டு மாத்திக்கிட்டோம். பதிலுக்கு என்னோட செகண்ட் ரவுண்ட், தேர்ட் ரவுண்ட் ரெண்டும் அவருக்கு."

ஹாலில் விசில் பறந்தது. எல்லோரும் சேனாபதியைப் பார்த்தார்கள். ஊரில் ரயில்வே டீமில் ஆடியவர், எங்களில் ஆகப் பெரிய ஆட்டக்காரர். அவரும் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. ஃபிரெடி தட்டில் கிடக்கும் கடைசி வடையைக்கூட யோசித்துத்தான் விட்டுக்கொடுப்பார். இந்த மனுஷனா இவ்வளவு கொடுக்கிறார்?

"ஃபர்ஸ்ட் பிக்," என்றார் ஃபிரெடி. "யூனிஸ்."

வீடே சிரித்தது. விசாலாக்ஷி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"அடி யூனிஸ், ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கிட்டியேடி! எங்காத்துக்காரர் என்னை லாஸ்ட் ரவுண்ட்ல கூட எடுக்க மாட்டார்."

நான் பல்லைக் காட்டி வைத்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் யார் பெயர் எப்போது வந்தது என்றே என் காதில் ஏறவில்லை.

ஃப்ரீவே ஏறும்வரை பொறுத்துக்கொண்டு, பிறகு கேட்டேன். "எதுக்குங்க அப்படிப் பண்ணினீங்க?"

"நீ நல்லா ஆடுவேல்லா."

"பொய் சொல்லாதீங்க. என் ஆட்டத்தை நீங்க பார்த்ததே இல்ல."

கார் ரேடியோவை அணைத்தார். "டிராஃப்ட் வச்ச முதல் வருஷம் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பேரா போச்சு. கடைசில நானும் ஐஸ் பெட்டியும்தான் மிச்சம். உன்னைய லேசுல யாரும் எடுக்க மாட்டாங்க, யூனிஸ். அவ்வளவு நேரம் நீ உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்கணும்லா. எனக்கு மனசு கேக்கல."

அன்புதான். அதை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"நான் உட்கார்ந்து கேக்கத்தான் வந்தேன்," என்றேன். "வேற ஒருத்தர் எடுத்திருந்தா அது எனக்காக. நீங்க எடுத்தா அது உங்களுக்காக. வீட்டுக்குப் போனதும் அனந்துவுக்கு போன் பண்ணுங்க. என்னை ட்ரேட் பண்ணிடுங்க."

"யாருக்குப் பதிலா?"

"யாரைத் தர்றாரோ, அவருக்கு."

போனில் பேசிக்கொண்டே ஃபிரெடியின் முகம் சுருங்கியது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். "நஞ்சுண்டனைத் தர்றாராம்."

நஞ்சுண்டன் முழங்காலில் பட்டை கட்டியிருப்பவர். ஓட மாட்டார், நடக்கவே யோசிப்பார். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் மட்டும் முதல் ஆள். டிராஃப்டில் கடைசியாகப் போனவர் அவர்தான் என்று ஃபிரெடி சொன்னார். ஆக, என் நம்பர் கிடைத்துவிட்டது. கொஞ்சம் வலித்தது. ஆனால் நாலு வருஷத்தில் முதல்முறையாக யாரோ என்னை உள்ளபடி எடை போட்டிருக்கிறார்கள்.

"சரின்னு சொல்லுங்க," என்றேன்.

ஜூன் முதல் சனிக்கிழமை ஆட்டம். அனந்தராமன் டீமில் அந்த வெயிலில் காலில் பேட் கட்டி, ஹெல்மெட் போட்டு கோலில் நிற்க யாரும் தயாராக இல்லை. "நீங்க நிக்கறேளா?" என்று என்னைக் கேட்டார், சும்மா மரியாதைக்கு. நின்றேன். முதல் பந்து என் காலுக்குக் கீழே போய்விட்டது. பழக்கம் விட்டுப்போயிருந்தது. ரெண்டாவது பந்து பேடில் பட்டு எகிறியபோது உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அன்றைக்கு ஒன்றும் உள்ளே போகவில்லை. அடுத்த சனிக்கிழமை சேனாபதி நேருக்கு நேர் அடித்த மூன்றையும் பிடித்தேன். மூன்றாவதுக்கு அவரே மட்டையைத் தூக்கிக் கும்பிட்டார். அதே நாளில் பக்கத்து மைதானத்தில் ஃபிரெடியின் டீம் ஏழு கோல் வாங்கியது.

அன்று சாயங்காலம் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஃபிரெடி சமையலறை போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அனந்து, அடுத்த வருஷம் என் ஃபர்ஸ்ட் ரவுண்ட் உங்களுக்கு. சரி, செகண்டும் எடுத்துக்கோங்க. நஞ்சுண்டனையும் திருப்பித் தந்துடுறேன்..."

போனை வைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"தர மாட்டாராம்."

"யாரை?"

"உன்னையத்தான். சேனாபதியையே கொண்டு வந்து நிறுத்தினாலும் தர மாட்டாராம்."

அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. என்மேல் இரக்கப்பட்டு சீட்டு வாங்கிய புருஷனின் முகம் இல்லை அது. கோல்கீப்பர் கிடைக்காத கேப்டனின் முகம், சுத்தமான வயிற்றெரிச்சல். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தேன்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றேன். "நீங்க என்ன கேட்டீங்க, அவர் என்ன சொன்னார்? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."