கட்டைவிரலின் பழக்கம்

வீடு வீடாகப் போய், மனிதர்கள் கைபேசியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. செயலி தயாரிக்கிற கம்பெனி சம்பளம் தருகிறது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவா சம்பளம் என்று என் அம்மா கேட்பாள். அதற்கேதான். யாராவது தப்பான இடத்தில் அழுத்தித் தடுமாறினாலும் சொல்லிக் கொடுக்கக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம் என்பது எங்கள் விதி. குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். என்னைப் போன்ற வாயாடிக்கு இது தண்டனை.

அன்று போனது ஒரு கொத்தனார் வீட்டுக்கு. சுவர்ப்பூச்சிலேயே காலம் தள்ளி, முழங்கால் போனதும் வீட்டோடு முடங்கியவர். ஒற்றை அறை, ஒரு கட்டில், ஜன்னலோரம் ஒரு நாற்காலி.

"வீட்டுக்காரி போன வருஷம் போயிட்டா. டீ போட ஆள் இல்ல, முன்னாடியே சொல்லிடறேன்" என்றார்.

"பரவாயில்லங்கய்யா. தெனமும் போன்ல என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க."

"வீட்ல யாரும் இல்லன்னு நெனைக்க எனக்குச் சொல்லித் தரணுமா?" என்று சிரித்தார்.

மகளுக்குக் குரல் பதிவு அனுப்பினார். பொத்தானை அழுத்திப் பிடித்து, முழங்கால் வலி தேவலை என்று பேசி முடித்து, கட்டைவிரலை இடப்பக்கமாக ஓர் இழுப்பு இழுத்து எடுத்தார். டொக்கென்று சத்தம் வந்தது. அப்படி இழுத்தால் பேசியது அழிந்துவிடும். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நீங்க அனுப்பினது இங்க காணோமேய்யா?"

"அனுப்பிட்டா இங்க எப்படிம்மா இருக்கும்? அதான் போயிடுச்சே!"

நியாயமாகத்தான் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பதில் வருமா என்று கேட்டேன்.

"எங்க வருது? பொண்ணாவது அப்பப்ப கூப்பிடுவா. பையன் சரக்குக் கப்பல்ல வேல பாக்கறான். நடுக்கடல்ல போன் எடுக்காது. பேசி அனுப்பி வச்சா கரைக்கு வந்ததும் கேப்பான். அவன் அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப நான் தெனமும் பேசி அனுப்பினேன். வாடா, உன்னையே கேக்கறாடான்னு. பொண்ணு, நானும் சொல்லவான்னா. நான்தான் சொல்லிட்டேனே, நீ வேற ஏன்னேன். அவன் வரல. எல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிட்டு, எனக்கு ஒண்ணுமே வரலியேப்பான்னு அழறான். பெத்தவ சாவுலயும் பொய்யாடான்னு கேட்டேன். இனிமே என் மூஞ்சியில முழிக்காதன்னுட்டேன்."

சொன்னால் பழி இவர் கைமேல் விழும். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் மகன் மேல் கிடக்கும். மகன் மேல் இருக்கும் கோபம்தான் கிழவருக்கு இப்போது துணை. அதைப் பிடுங்க நான் யார்? ஆனால் எங்கேயோ கடலில் ஒருவன், தாய் சாவுக்கு வராத பொய்யனாக இருக்கிறானே. விதியாவது மண்ணாவது என்று வாயைத் திறந்துவிட்டேன். அவர் போனிலேயே என் விரலால் செய்து காட்டினேன். இழுத்தால் அழியும், நேராக எடுத்தால் போகும்.

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பூச்சுக் கரண்டிய நேரா எடுத்தா சுவத்துல தடம் விழும்மா. இழுத்துத்தான் எடுக்கணும். கை அப்படியே பழகிடுச்சு" என்றார். பிறகு, "அப்ப அவன் பொய் சொல்லல."

"இல்லங்கய்யா."

"அவ கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தா. உன் புள்ளைக்கு மனசே இல்லன்னு அவ காதுல விழறாப்பல திட்டினேன். அதைக் கேட்டுட்டுத்தான் போனா."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் அழவில்லை. போனை எடுத்து, பொத்தானை அழுத்திப் பிடித்து மகனுக்குப் பேசினார். தப்பெல்லாம் தன் கையோடதுதான் என்றார். அம்மா அவன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றார். மூஞ்சியில் முழிக்காதே என்ற வாயை உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, கரைக்கு வந்ததும் நேரே வீட்டுக்கு வா என்றார். நிறுத்தி நிறுத்தி, வெகுநேரம் பேசினார். பேசி முடித்ததும் விரல் தன் வழக்கப்படி இடப்பக்கம் போயிற்று.

டொக்.

"போயிடுச்சா?"

"இல்லங்கய்யா. இழுத்துட்டீங்க."

"எல்லாமேவா?"

நான் தலையாட்டினேன்.

"இன்னொரு தடவ அதெல்லாம் என் வாயில வராதும்மா" என்றார். கையை என் பக்கம் நீட்டினார். "நீ பிடிச்சுக்க."

சிமெண்ட் அரித்த அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்துப் பொத்தானில் வைத்தேன். வாயைத் திறந்தார், மூடினார்.

"சாப்டியாப்பா?" என்றார். அவ்வளவுதான்.

விரலை நேராகத் தூக்கினேன். குரல் பதிவு திரையில் வந்து நின்றது. அவர் பதறிவிட்டார்.

"இங்கயே நிக்குதேம்மா!"

"போனா இப்படித்தாங்கய்யா நிக்கும். போயிடுச்சு."

அதையே பார்த்தார். பிறகு மனைவி படுக்கையில் கிடந்த நாட்களைத் தேடித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனார். அவர் பேசியது ஒன்றுகூட அங்கே இல்லை.